அட்டைப்பெட்டியும் நாயும்: தானாகப் புதியது செய்ய நாயைப் பழக்குவது எப்படி

ஒரு பழைய அட்டைப்பெட்டியைக் கூடத்தின் நடுவில் வைத்துவிட்டு, எதுவும் சொல்லாமல் ஒதுங்கி நின்று பாருங்கள். நன்றாகப் பழக்கிவிட்டோம் என்று நாம் பெருமைப்படும் நாய், பெரும்பாலும் பெட்டியை ஒருமுறை முகர்ந்துவிட்டு நம் முன்னால் வந்து உட்கார்ந்து முகத்தைப் பார்க்கும். ‘உட்கார்’ என்றால் உட்காரவும் ‘கை கொடு’ என்றால் கை நீட்டவும் தெரிந்த அதற்கு, யாரும் எதுவும் சொல்லாதபோது என்ன செய்வது என்று தெரியாது. எந்தப் பழக்கமும் பெறாத தெருநாய்க்குட்டியோ, அச்சம் தெளிந்ததும் அதே பெட்டிக்குள் தலையை விட்டு, ஓரத்தைக் கடித்து, கவிழ்த்து, கடைசியில் உள்ளேயே சுருண்டு படுத்தும் பார்த்துவிடும். இரண்டுக்கும் இடையில் இருப்பது அறிவின் ஏற்றத்தாழ்வு அன்று. சொன்னதைச் செய்தால் மட்டுமே நன்மை கிடைக்கும் என்று ஒன்று கற்றுக்கொண்டிருக்கிறது. செய்து பார்த்தால் ஏதேனும் கிடைக்கும் என்பதை மற்றொன்று வாழ்ந்து அறிந்திருக்கிறது.

நாயின் படைப்பாற்றல் என்று இங்கே குறிப்பிடுவது, தெரிந்த ஒரு பொருளை இதுவரை செய்யாத ஒரு முறையில் கையாண்டு பார்க்கும் துணிவையும் விருப்பத்தையும்தான். அது சில நாய்களுக்கு மட்டும் பிறவியிலேயே வாய்த்த வரம் என்று பலர் எண்ணுகிறார்கள். முறையாக ஊக்குவித்தால் மந்தமான விலங்கிடமும் அது வளரும் என்பதற்கு நல்ல சான்று ஒன்று உண்டு. அது நாய்களிடமிருந்து அல்லாமல் கடலிலிருந்து வந்தது.

1960களில் ஹவாய்த் தீவுகளில் உள்ள ‘சீ லைஃப் பார்க்’ என்னும் கடல் உயிரினக் காட்சியகத்தில் கேரன் பிரையர் என்பவர் டால்ஃபின்களைப் பழக்கிவந்தார். விலங்குக்கு ஒரு செயலை முதன்முதலாக எப்படிக் கற்பிக்கிறார்கள் என்பதைப் பார்வையாளர்களுக்குக் காட்ட, மாலியா என்ற டால்ஃபின் ஒவ்வொரு காட்சியிலும் அதுவரை பரிசு பெறாத ஏதாவது ஒன்றைச் செய்தால் மட்டுமே விசில் ஊதி மீன் கொடுத்தார்கள். சில நாட்களில் வழக்கமான துள்ளல்களும் சுழற்சிகளும் தீர்ந்துபோயின. அதன் பிறகு நடந்ததைப் பழக்குநர்களே எதிர்பார்க்கவில்லை. வாலை நீருக்கு மேலே தூக்கியபடி சறுக்குவது, தொட்டியின் தரையில் உரசிக்கொண்டு போவது என்று அந்த இனத்தில் அவர்கள் கண்டிராத செயல்களை மாலியா தானாகவே செய்யத் தொடங்கியது. இது தற்செயலா என்று சோதிப்பதற்காக, சுறுசுறுப்போ முன்முயற்சியோ அதிகம் இல்லாததாகக் கருதப்பட்ட ஹோவ் என்ற இன்னொரு டால்ஃபினிடம் அதே முறையைப் பதிவுகளோடு செய்து பார்த்தார்கள். தொடக்கத்தில் பல அமர்வுகள் வரை அது ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தது. பின்னர் மடை திறந்ததுபோல் புதிய செயல்கள் வெளிப்பட்டன. இந்த ஆய்வு 1969இல் வெளிவந்தது. ‘எங்கள் நாய் சோம்பேறி, இதெல்லாம் அதற்கு வராது’ என்று சொல்பவர்களிடம் நான் முதலில் சொல்வது ஹோவின் கதையைத்தான்.

பிரையர் பிற்காலத்தில் நாய் பழக்கும் துறைக்கு வந்து இந்த முறையைப் பரப்பினார். அட்டைப்பெட்டி ஒன்றை வைத்துக்கொண்டு நாய் நூற்றொரு விதமாக என்னென்ன செய்ய முடியும் என்று பார்க்கும் விளையாட்டு அவ்வழியில் பரவியதே. நாயிடம் புதுமையை வளர்க்க இதைவிட எளிய, செலவில்லாத வழி எனக்குத் தெரியாது. ஆகவே இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி இந்த ஒரு விளையாட்டைப் பற்றியதுதான்.

தொடங்கும் முன்

பெட்டி தாழ்வான பக்கங்கள் உடையதாக, நாய் எளிதில் உள்ளே கால் வைக்கக்கூடியதாக இருக்கட்டும். பின்னூசிகளையும் ஒட்டுநாடாவையும் முழுவதுமாக நீக்கிவிடுங்கள். வழுக்கும் ஓடு பதித்த தரையானால் கீழே ஒரு கோணிச் சாக்கையோ பாயையோ விரியுங்கள். கால் வழுக்கிய நாய் துணிந்து எதையும் முயலாது.

பரிசுக்கு வேகவைத்த கோழி ஈரலோ முட்டையோ போதும். ஒவ்வொரு துண்டும் பொட்டுக்கடலை அளவைத் தாண்டக்கூடாது, ஏனென்றால் ஓர் அமர்வுக்கு இருபது முப்பது துண்டுகள் செலவாகும். அன்றைய மொத்த உணவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இப்படிப்பட்ட தீனி சேரக்கூடாது. திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், வெங்காயம், பூண்டு ஆகியவை நாய்க்கு நஞ்சு என்பதால் வீட்டில் இருக்கும் பலகாரத்தை எடுத்துக் கொடுக்கும் வழக்கம் இங்கே உதவாது.

அடுத்து, ‘இதோ, இந்தச் செயலுக்குத்தான் பரிசு’ என்று அந்த நொடியிலேயே நாய்க்கு உணர்த்த ஒரு குறியொலி வேண்டும். கிளிக்கர் என்னும் சிறு கருவி கடைகளில் கிடைக்கும். அது இல்லாவிட்டால் பந்துமுனைப் பேனாவின் ‘டிக்’ ஒலியோ, நாக்கைச் சொடுக்கும் ஒலியோ போதும். புகழ்ந்து பேசுவதைவிட இத்தகைய ஒலி சிறந்தது, ஏனெனில் அது ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்கும், வேறு சமயங்களில் நம் வாயிலிருந்து வராது. முதல் நாளில் வேறெதுவும் வேண்டாம்: ஒலி, உடனே ஒரு துண்டு, மீண்டும் ஒலி, மீண்டும் ஒரு துண்டு. பதினைந்து இருபது முறை செய்தால், ஒலி கேட்டதும் நாய் சட்டென்று திரும்பி உங்கள் கையைத் தேடும். அதுவே அடையாளம். இராஜபாளையம் இனத்தில் பிறவியிலேயே காது கேளாத நாய்கள் காணப்படுவதுண்டு. அப்படிப்பட்ட நாய்க்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் சைகையை ஒலிக்குப் பதிலாகப் பழக்கலாம்.

முதல் அமர்வுகள்: எதைச் செய்தாலும் சரி

பெட்டியை வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நில்லுங்கள். விரலால் சுட்டிக்காட்டாதீர்கள், பெயர் சொல்லி அழைக்காதீர்கள், பெட்டியைத் தட்டி ஆசை காட்டாதீர்கள். நாய் பெட்டியைத் திரும்பிப் பார்த்தால் ஒலி, பரிசு. ஓரடி நெருங்கினால் ஒலி, பரிசு. முகர்ந்தால், மூக்கால் தொட்டால், தெரியாமல் கால் பட்டால், சுற்றி நடந்தால், எல்லாவற்றுக்கும் ஒலி, பரிசு. பரிசுத் துண்டைப் பெட்டிக்குச் சற்றுத் தொலைவில் எறிவது நல்லது; அதைத் தின்றுவிட்டுத் திரும்பி வரும்போது நாய் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பெட்டியை அணுக நேர்கிறது.

இங்கே வளர்ப்போர் செய்யும் முதல் தவறு, மனத்துக்குள் ஓர் இலக்கை வைத்துக்கொள்வது. ‘உள்ளே ஏறி உட்கார்ந்தால் நன்றாக இருக்குமே’ என்று எண்ணத் தொடங்கிவிட்டால், மற்ற முயற்சிகளைக் கவனிக்காமல் விடுகிறோம். நாயும் நம் முகத்திலிருந்து அந்த விருப்பத்தைப் படித்துவிடுகிறது. ஒரு குறிப்பிட்ட செயலைக் கற்பிப்பது வேறு பயிற்சி, அதற்கு வேறு நேரம் இருக்கிறது.

நாய் ஒன்றுமே செய்யாமல் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் அதைக் குறையாக எண்ண வேண்டாம். 2003இல் ஹங்கேரியைச் சேர்ந்த ஆதாம் மிக்லோஷியும் அவருடைய குழுவினரும் மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களையும் நாய்களையும் ஒப்பிட்டு ஒரு சோதனை நடத்தினார்கள். எடுக்கவே முடியாதபடி வைக்கப்பட்ட இறைச்சியை ஓநாய்கள் விடாமல் முயன்றுகொண்டிருக்க, நாய்கள் விரைவிலேயே திரும்பி அருகில் இருந்த மனிதரைப் பார்த்தன. நம் முகத்தைப் பார்ப்பது நாயின் இயல்பிலேயே ஊறியது. நம்மோடு அது கொண்ட நெடுங்கால உறவின் விளைவு அது. அந்தப் பார்வையை அடக்க முயலாமல், நீங்கள் பெட்டியைப் பாருங்கள். நாயின் கண்ணும் பெரும்பாலும் உங்கள் கண்ணைப் பின்தொடரும், அந்தக் கணத்தைக் குறியொலியால் பிடித்துக்கொள்ளலாம். அதற்கும் அசையாத நாய்க்கு, முதல் ஓரிரு அமர்வுகளில் பெட்டிக்குள்ளேயே சில துண்டுகளைப் போட்டுவைத்துத் தொடங்கலாம்.

ஓர் அமர்வு இரண்டு மூன்று நிமிடங்களுக்கு மேல் நீளவே கூடாது. நாய் இன்னும் வேண்டும் என்று துடிக்கும்போதே பெட்டியை எடுத்துவிடுங்கள். ஒரு நாளில் இரண்டு அமர்வுகள், ஒரு வாரம் இப்படியே போனால், பெட்டியைப் பரணிலிருந்து இறக்கும்போதே வால் ஆடத் தொடங்கும்.

திருப்பம்: பழையதற்குப் பரிசு இல்லை

நாய் தயங்காமல் பெட்டியோடு பலவிதமாக விளையாடத் தொடங்கிய பிறகே இந்தக் கட்டத்துக்கு வர வேண்டும். விதி எளியது. இந்த அமர்வில் ஒருமுறை பரிசு பெற்ற செயலுக்கு இந்த அமர்வில் மறுபடி பரிசு இல்லை. மூக்கால் தொட்டதற்குக் கொடுத்துவிட்டீர்கள். மறுபடியும் மூக்கால் தொட்டால் அமைதியாக இருங்கள்.

அப்போது நாயிடம் நிகழ்வதைக் கவனித்துப் பார்ப்பது இந்த விளையாட்டிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. முதலில் அது அதே செயலை இன்னும் அழுத்தமாகச் செய்யும்: மெதுவாகத் தொட்ட மூக்கு இப்போது பெட்டியைத் தள்ளும். அதற்கும் ஒலி வரவில்லை என்றதும் செயல் சிதறத் தொடங்கும். மூக்கோடு காலும் சேரும், தள்ளியது கவிழும், கவிழ்ந்ததன் மேல் முன்கால் ஏறும். வழக்கமாகக் கிடைத்த பலன் நின்றுபோகும்போது உயிரினங்களின் செயல்களில் வேறுபாடு கூடுகிறது என்பது பழக்கவியலில் நன்கு நிறுவப்பட்ட உண்மை. மேலும், வேறுபாட்டுக்கே பரிசு கொடுத்தால் வேறுபடுவதையே ஒரு விலங்கு கற்றுக்கொள்ளும் என்பதை 1985இல் பேஜ், நியூரிங்கர் என்னும் இரு ஆய்வாளர்கள் புறாக்களிடம் காட்டினார்கள். இரண்டு பொத்தான்களை எட்டு முறை கொத்தும் வரிசை, முந்தைய ஐம்பது வரிசைகளிலிருந்தும் வேறுபட்டிருந்தால்தான் தானியம் என்ற நிபந்தனையைக்கூடப் புறாக்கள் பெருமளவு நிறைவேற்றின. புறாவால் இயன்றது நாயால் இயலாதா?

ஆனால் இந்தக் கட்டம்தான் எளிதில் கெட்டுப்போவதும். பலன் நின்ற இடைவெளி நீண்டால் புதுமைக்குப் பதில் மனச்சோர்வு வந்து சேரும். குரைப்பது, முனகுவது, கொட்டாவி விடுவது, உதட்டை நக்குவது, தரையை முகர்ந்தபடி விலகிப் போவது, பெட்டியை வெறியோடு கிழிப்பது ஆகியவை எல்லை தாண்டிவிட்டதற்கான அடையாளங்கள். ஆகவே பத்துப் பதினைந்து நொடிகளுக்குள் ஒரு பரிசாவது கிடைக்கும்படி அளவுகோலைத் தளர்த்துங்கள். வலக்காலால் தொட்ட நாய் இடக்காலால் தொட்டால் அதைப் புதியதாகவே கொள்ளுங்கள். எதுவுமே வரவில்லை என்றால், எந்தக் காரணமும் இல்லாமல் இரண்டு துண்டுகளைத் தரையில் போட்டுவிட்டு அமர்வை முடியுங்கள். அதனால் பயிற்சி கெடாது, அடுத்த நாள் நாய் மனமுவந்து வரும்.

எங்கள் வீட்டுச் செவலை, தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாட்டு நாய். இந்தத் திருப்பத்தில் அது ஒன்பது நாட்கள் நின்றுவிட்டது. பெட்டிக்குள் முன்கால்களை வைக்கும், என்னைப் பார்க்கும், மறுபடி வைக்கும். நான் அவசரப்பட்டு இடைவெளியை நீட்டியதே காரணம் என்று பிறகு உணர்ந்தேன். பழையபடி எல்லாவற்றுக்கும் பரிசு என்ற நிலைக்கு இரண்டு நாட்கள் திரும்பிப் போனோம். அதற்கு அடுத்த அமர்வில், மூலையில் கிடந்த கால்மிதியைப் பல்லால் கவ்வி இழுத்துவந்து பெட்டிக்குள் போட்டது. அதை யாரும் அதற்குக் கற்பித்ததில்லை.

குறிப்பேடு

எது புதியது என்று முடிவு செய்ய நம் நினைவு போதாது. ஒரு சிறு குறிப்பேட்டில் தேதியிட்டு, நாய் செய்த ஒவ்வொரு செயலையும் இரண்டு மூன்று சொற்களில் எழுதுங்கள்: ‘மூக்கால் தள்ளியது’, ‘இடக்கால் உள்ளே’, ‘ஓரத்தைக் கவ்வித் தூக்கியது’, ‘பின்பக்கமாக நடந்து மோதியது’. வீட்டில் இன்னொருவர் எழுத, ஒருவர் பரிசு கொடுப்பது இன்னும் நல்லது. பிள்ளைகள் இந்த வேலையை ஆர்வத்தோடு செய்வார்கள். நாய் எதைச் செய்தது என்பதில் இருவருக்குள் கருத்து வேறுபட்டால் அந்தச் செயலை மேலும் கூர்ந்து பார்க்கத் தொடங்குவோம். ஒரு மாதம் எழுதிய பிறகு, மூக்கை அதிகம் நம்பும் நாயா, காலை நம்பும் நாயா, வாயால் கவ்விப் பார்க்கும் நாயா என்பது பக்கங்களிலிருந்தே தெரியவரும். அதற்கேற்ப அடுத்த பொருளைத் தேர்ந்தெடுக்கலாம். கண்ணால் கண்டு துரத்துவதற்கென்றே வளர்க்கப்பட்ட சிப்பிப்பாறை, கன்னி போன்ற இனங்களுக்கு அசையாத பெட்டியைவிட உருளும் வாளியோ, கயிற்றில் ஆடும் துணியோ கூடுதல் ஆர்வம் தரும்.

தொடக்கத்துக்கும் முடிவுக்கும் ஒரு சொல்

இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள், பிறகு வருந்துகிறார்கள். புதியது செய்தால் பரிசு என்று கற்றுக்கொண்ட நாய், நாம் சாப்பிட உட்காரும்போதும் விருந்தினர் வந்திருக்கும்போதும் தன் கைவரிசையைக் காட்டத் தொடங்கும். எனவே விளையாட்டு தொடங்கும்போது ‘புதுசு’ என்பதுபோல் ஒரே சொல்லைச் சொல்லுங்கள். முடியும்போது ‘போதும்’ என்று சொல்லி, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டி, பெட்டியைக் கண்ணில் படாத இடத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். அந்த இரண்டு சொற்களுக்கும் வெளியே செய்யும் புதுமைக்குப் பரிசு தராதீர்கள். அது தற்செயலாக அழகாக எதையாவது செய்து எல்லோரையும் மகிழ்வித்தாலும் தராதீர்கள்.

இன்னொரு முன்னெச்சரிக்கையும் உண்டு. துணிந்து முயலும் நாய், வெளிக்கதவின் தாழ்ப்பாளையும் ஒருநாள் முயன்று பார்க்கும். வாசல் சாலையை ஒட்டியிருந்தால் தாழ்ப்பாளோடு கொக்கி ஒன்றையும் சேர்த்துப் பொருத்திவிட்டு இந்தப் பயிற்சியைத் தொடங்குவது பாதுகாப்பு. கதவு, அலமாரி, குப்பைத்தொட்டி, சமையல் எரிவாயு உருளை ஆகியவை இருக்கும் இடத்தில் விளையாட்டை வைக்கவே வேண்டாம்.

மற்ற நேரங்களில்

நாளுக்கு ஐந்து நிமிட விளையாட்டு, மீதி நேரம் முழுவதும் சங்கிலி என்றால் எந்தப் பயனும் விளையாது. கட்டிப்போடப்பட்ட நாய்க்குத் தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை. தேர்வு இல்லாத இடத்தில் புதுமைக்கு வழியில்லை. குறைந்தது நடைப்பயிற்சியின் ஒரு பகுதியையாவது நாயின் மூக்கிடம் ஒப்படையுங்கள். எந்தத் தெருவில் திரும்புவது, எந்த வேலியை எவ்வளவு நேரம் முகர்வது என்பதை அது முடிவு செய்யட்டும். 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஷார்லட் டூராண்டனும் அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸும், இரண்டு வாரம் மோப்பத் தேடல் விளையாட்டுப் பழகிய நாய்கள், உணவு இருக்குமா இராதா என்று தெரியாத கிண்ணத்தை நோக்கி முன்பைவிட விரைவாகச் சென்றதைக் கண்டார்கள். அதே காலத்தில் பக்கத்தில் ஒட்டி நடக்கப் பழகிய நாய்களிடம் இந்த மாற்றம் தென்படவில்லை. கிடைக்கும் என்ற நம்பிக்கையோடு அறியாததை அணுகுவதுதானே பெட்டி விளையாட்டுக்கும் வேண்டியது. வீட்டிலேயே இதைப் பழக்க, மாலை உணவின் ஒரு பகுதியை முறத்தின் அடியிலும், சுருட்டிய பழைய துண்டுக்குள்ளும், கவிழ்த்த கொட்டாங்குச்சிகளுக்குக் கீழும் மறைத்துவைத்துத் தேடவிடலாம். கொட்டாங்குச்சியின் விளிம்பைத் தேய்த்து, நாரை முழுவதும் உரித்துவிட வேண்டும்; விழுங்கிய நார் குடலில் சிக்கிக்கொள்ளும்.

அடியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ‘அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவார்’ என்ற பழமொழியை நாய் வளர்ப்பில் நம்பிச் செயல்படும் வீடுகள் இன்றும் நிறைய. தவறு செய்தால் அடி விழும் என்று கற்ற நாய்க்கு மிகவும் பாதுகாப்பான செயல், எதுவுமே செய்யாமல் இருப்பது. அதை நாம் ‘அடங்கிய நாய்’ என்று பாராட்டுகிறோம். பெட்டியின் முன் அசையாமல் நிற்கும் நாய்களில் பல இப்படிப்பட்டவையே. அந்த நாய்க்கு இந்தப் பயிற்சியைவிட முதலில் தேவைப்படுவது, வீட்டில் எல்லோரும் கையையும் குரலையும் ஓங்குவதை நிறுத்துவது. செருப்பைக் கடித்தால் செருப்பை உயரத்தில் வைத்துவிட்டுக் கடிக்கத் தகுந்த வேறொன்றைக் கொடுங்கள். இப்படிச் சில வாரங்கள் கழிந்த பிறகு, முதலில் கண் மட்டும் பெட்டியின் பக்கம் போகும். அந்தப் பார்வைக்கே தாராளமாகப் பரிசு கொடுக்க வேண்டும்.

ஒரு வயது நிரம்பாத குட்டிகளையும் மூட்டுவலி உள்ள முதிய நாய்களையும் உயரத்தில் ஏறவோ குதிக்கவோ ஊக்குவிக்க வேண்டாம். அவற்றுக்கு மூக்கு, வாய், முன்கால் செயல்களே போதும். கோடையில் அமர்வுகளை விடியற்காலையிலோ பொழுது சாய்ந்த பிறகோ வைத்துக்கொண்டு, அருகில் தண்ணீர்க் கிண்ணத்தை வையுங்கள்.

அட்டைப்பெட்டி ஒருநாள் கிழிந்துபோகும். அதற்குள் குறிப்பேட்டில் முப்பது நாற்பது செயல்கள் சேர்ந்திருக்கலாம். அடுத்ததாகக் கவிழ்த்த பிளாஸ்டிக் வாளியையோ தாழ்ந்த மணைப்பலகையையோ வையுங்கள். பெட்டியில் பழகிய துணிவு பெருமளவு கூடவே வரும். ஆனாலும் முதல் நாளில் புதுமையைக் கேட்காமல், பார்த்தால் பரிசு, நெருங்கினால் பரிசு என்று தொடக்கத்திலிருந்தே தொடங்குங்கள்.